மளிகைக் கடைக்குக் கை ஸ்கேனர்: வாங்கும் முன்பும் மாட்டிய பின்பும்

கேள்வி: “தென்காசிப் பக்கம் எங்களுக்கு மளிகைக் கடை. பில் போட இரண்டு கவுண்டர், பின்னால் ஒரு குடோன். பாதிச் சரக்கு கம்பெனி பாக்கெட்டுகள். மீதி நாங்களே எடை போட்டுக் கட்டும் பருப்பு, மசாலா, எண்ணெய். பார்கோடு ஸ்கேனர் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கும் இருக்கிறது, பத்தாயிரத்துக்கும் இருக்கிறது. எதை வாங்குவது, எப்படி அமைப்பது? சித்தப்பா கடையில் சும்மா கிடந்த பழைய லேசர் ஸ்கேனர் ஒன்றும் கைவசம் உள்ளது, அது உதவுமா?”

பதில்:

ஸ்கேனருக்கு விலையும் தெரியாது, பொருளின் பெயரும் தெரியாது. கோடுகளைப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்கும். அந்த எண்ணை, யாரோ விசைப்பலகையில் படபடவென்று தட்டியதுபோலக் கணினிக்கு அனுப்பும். கடைசியில் ஒரு என்டர். அதன் வேலை அவ்வளவுதான். பெயர், விலை, வரி, இருப்பு எல்லாம் உங்கள் பில்லிங் மென்பொருளில் இருக்கின்றன. ஆகவே ‘ஸ்கேனர் மக்கர் செய்கிறது’ என்று வரும் புகார்களைத் துருவிப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் ஒட்டிய ஸ்டிக்கரிலோ பொருள் பட்டியலிலோ கர்சர் நிற்கும் கட்டத்திலோதான் இருக்கும். பணம் குறைவாக இருந்தால் ஸ்கேனரில் சிக்கனம் பிடியுங்கள். ஸ்டிக்கரிலும் பட்டியலைச் சரியாக ஏற்றும் ஆளுக்குக் கொடுக்கும் கூலியிலும் பிடிக்காதீர்கள்.

கை ஸ்கேனர்களில் மூன்று வகை உண்டு. லேசரில் உள்ளே ஒரு சிறு கண்ணாடி ஆடிக்கொண்டிருக்கும். மெல்லிய சிவப்புக் கோடு பொருளின் மேல் விழும். சிசிடி என்றும் லீனியர் இமேஜர் என்றும் சொல்லப்படுவதில் ஆடும் பாகம் கிடையாது. வரிசையாக அமைந்த ஒளி உணரிகள் படிக்கும். மூன்றாவது 2டி இமேஜர். இது முழுப் படம் எடுத்து, அதற்குள் கோடு எங்கே இருக்கிறது என்று தேடிப் படிக்கும். முதல் இரண்டுக்கும் கோட்டின் குறுக்கே நேராகக் காட்ட வேண்டும். 2டிக்குப் பாக்கெட்டை எந்தத் திசையில் காட்டினாலும் சரி. கைப்பேசித் திரையில் உள்ள கோடுகளை லேசர் பொதுவாகப் படிக்காது, 2டி படிக்கும். பிஸ்கெட் பாக்கெட்டின் ஓரம் மடங்கி, கோட்டின் ஒரு பகுதி மட்டும் நேராக இருந்தாலும் 2டி பெரும்பாலும் எண்ணைப் பிடித்துவிடும்.

இன்று புதிதாக வாங்குகிறவருக்கு என் பதில் 2டிதான். 2027 இறுதிக்குள் உலகெங்கும் சில்லறைக் கடைக் கவுண்டர்கள் வழக்கமான கோடுகளோடு கியூஆர் போன்ற சதுரக் குறியீடுகளையும் படிக்கத் தயாராக வேண்டும் என்று, பார்கோடு எண்களை ஒழுங்குபடுத்தும் ஜிஎஸ்1 அமைப்பு இலக்கு வைத்திருக்கிறது. சதுரக் குறியீட்டில் பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் சேர்ந்தே வரலாம். தேதி முடிந்த சரக்கைக் கவுண்டரிலேயே மென்பொருள் தடுத்துவிடும். இந்தியாவில் மருந்துகளுக்கு இதில் ஒரு பகுதி வந்தும்விட்டது: 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 மருந்து பிராண்டுகள் பேட்ச், காலாவதி விவரங்கள் அடங்கிய பார்கோடு அல்லது கியூஆர் கோட்டோடுதான் வர வேண்டும். மளிகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் இன்று வாங்கும் ஸ்கேனர் பல ஆண்டுகள் உழைக்கும் என்பதால் அதையும் கணக்கில் வைப்பது நல்லது.

2டி வாங்கிய கையோடு ஒரு தொந்தரவும் வரும், அதை ஸ்கேனர் விற்பவர்கள் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இப்போது பல பாக்கெட்டுகளில் பார்கோட்டுக்குப் பக்கத்திலேயே கம்பெனியின் இணைய முகவரிக்கான கியூஆர் கோடும் அச்சாகியிருக்கிறது. ஸ்கேனர் எது முதலில் கிடைக்கிறதோ அதைப் படித்துவிடும். பில் கட்டத்துக்குள் ‘எச்டிடிபிஎஸ்’ என்று தொடங்கும் நீளமான முகவரி வந்து விழும். மருந்து ஏதேனும் விற்காத வரை பில்லிங் கவுண்டரில் உங்களுக்குக் கியூஆர் படிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆகவே ஸ்கேனரோடு வரும் கையேட்டில் உள்ள ‘கியூஆர் முடக்கு’ என்ற கோட்டை ஸ்கேன் செய்து அதை அணைத்து வையுங்கள். தேவை வரும் நாளில் மறுபடி திறந்துகொள்ளலாம். திறன் உள்ள கருவியை வாங்கி அதைப் பூட்டி வைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். கவுண்டரில் வரிசை நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

பிராண்டைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி வேண்டாம். ஸீப்ரா, ஹனிவெல், டேட்டாலாஜிக் போன்றவை பெரிய பெயர்கள்; சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸும் ஸ்கேனர் விற்கிறது; பெயர் தெரியாத சீனத் தயாரிப்புகள் ஏராளம். விலை குறைந்தவை எல்லாம் மோசம் என்று சொல்ல மாட்டேன். கேட்க வேண்டிய கேள்வி வேறு: கேபிள் தனியாகக் கிடைக்குமா? கை ஸ்கேனரில் முதலில் சாவது பெரும்பாலும் கைப்பிடியின் அடியில் கேபிள் நுழையும் இடம்தான். நாள் முழுக்க அது மடங்கி நிமிர்கிறது. கேபிளைக் கழற்றி மாற்றக்கூடிய மாடல் என்றால் சில நூறு ரூபாயில் உயிர் பெறும். கைப்பிடியோடு ஒட்டிய கேபிள் என்றால் தூக்கிப் போட வேண்டியதுதான். அடுத்து, சர்வீஸ் எங்கே? மதுரையிலோ திருநெல்வேலியிலோ கொடுத்து வாங்க முடியுமா, அல்லது கூரியரில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டுமா? மூன்றாவது, கீழே விழுவதைத் தாங்குமா? விவரத் தாளில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விழுவதைத் தாங்கும் என்று இருந்தால் கவுண்டர் உயரத்துக்கு அது போதும்.

வாங்கப் போகும்போது ஒரு பை நிறைய உங்கள் சரக்கைக் கொண்டுபோங்கள். கடைக்காரர் காட்டும் மாதிரித் தாளில் உள்ள கோட்டை எந்த ஸ்கேனரும் படிக்கும். உங்களுக்கு வேண்டியது பளபளக்கும் சிப்ஸ் பாக்கெட், கண் மை பென்சிலின் வளைவில் உள்ள குட்டிக் கோடு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாட்டில், பனி படிந்த ஐஸ்கிரீம் டப்பா, வெயிலில் வெளுத்த பழைய ஸ்டிக்கர். சிவப்பு அச்சில் கோடு போட்ட உள்ளூர்த் தயாரிப்பு ஏதாவது இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரின் வெளிச்சம் சிவப்பாக இருந்தால் சிவப்புக் கோடு அதற்கு வெள்ளைத் தாளாகவே தெரியும். அது ஸ்கேனரின் குற்றம் அல்ல, அச்சிட்டவர் குற்றம். இன்னொன்று, உங்கள் கவுண்டர் வாசலை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். நேர் வெயில் விழும் மேசையில் நல்ல ஸ்கேனரும் திணறும்.

வயர் உள்ளதா, இல்லாததா? இரண்டு கவுண்டரிலும் வயர் உள்ளதையே போடுங்கள். சார்ஜ் தேட வேண்டாம், பேட்டரி மாற்ற வேண்டாம், யாரும் ஞாபகமறதியாக எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போக மாட்டார்கள். வயர் இல்லாத ஒரே மாடலை இரண்டு கவுண்டரிலும் வைத்தால் ஒரு கூத்து நடக்கும்: பையன்கள் ஸ்கேனரை மாற்றி எடுத்துவிட, முதல் கவுண்டரில் ஸ்கேன் செய்த சோப்பு இரண்டாவது கவுண்டரின் பில்லில் ஏறும். அப்படியே வாங்கினாலும் இரண்டுக்கும் வேறு வேறு நிற டேப் ஒட்டி, பீப் ஒலியையும் வேறு வேறாக மாற்றி வையுங்கள். 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தூக்கிக் கவுண்டரில் வைக்க முடியாதே என்பதுதான் வயர் இல்லாததற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். அதற்கு மலிவான வழி உண்டு. அரிசிச் சிப்பம், தேங்காய், முட்டை, வாழைப்பழம் என ஸ்டிக்கர் ஒட்ட முடியாத சரக்குகளின் கோடுகளைப் பெயரோடு ஒரு தாளில் அச்சிட்டு, லேமினேட் செய்து, கவுண்டரில் வைத்துவிடுங்கள். சிப்பத்தைக் கண்ணால் பார்த்துத் தாளில் ஸ்கேன் செய்தால் போதும்.

இனி அமைப்பது. யுஎஸ்பி கேபிளைச் செருகினால் கணினி அதை இன்னொரு விசைப்பலகையாக எடுத்துக்கொள்ளும். தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை. பில்லிங் மென்பொருளைத் திறக்கும் முன் நோட்பேடைத் திறந்து அதில் ஸ்கேன் செய்து பாருங்கள். ஒவ்வொரு எண்ணும் தனித்தனி வரியில் வந்தால் என்டர் போகிறது என்று பொருள். எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே வரியில் வந்தால், கையேட்டில் ‘பின்னொட்டு: என்டர்’ என்று உள்ள கோட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். அமைப்புகள் எல்லாமே இப்படிக் கோடுகளை ஸ்கேன் செய்துதான் மாற்றப்படுகின்றன. தவறாக எதையாவது ஸ்கேன் செய்துவிட்டால் ‘தொழிற்சாலை நிலைக்குத் திரும்பு’ என்ற கோடு இருக்கும். அந்தக் கோடு, என்டர் கோடு, கியூஆர் முடக்கும் கோடு மூன்றையும் ஒரே தாளில் நகலெடுத்துக் கல்லாப்பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். கையேடு தொலையும், கல்லாப்பெட்டி தொலையாது.

நோட்பேடில் சரியாக வருகிறது, மென்பொருளில் மட்டும் இலக்கங்கள் விட்டுப்போகின்றன என்றால், பழைய கணினி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் இடையே சில மில்லி விநாடி தாமதம் வைக்கும் அமைப்பு கையேட்டில் இருக்கும்.

உங்களைப் போன்ற கடைகளில் பொருள் பெயரைத் தமிழில் ஏற்றுகிறார்கள். அதற்காகத் தமிழ் விசைப்பலகையைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். ஸ்கேனர் அனுப்புவது எழுத்தை அல்ல, எந்த விசை அழுத்தப்பட்டது என்ற தகவலை. இலக்கங்கள் தப்பிவிடும். ஆனால் நீங்களே கொடுத்த பொருள் குறியீட்டில் ஆங்கில எழுத்துகள் இருந்தால் அவை சம்பந்தமில்லாத தமிழ் எழுத்துகளாகக் கொட்டும். ‘பொருள் இல்லை’ என்று மென்பொருள் சொல்லும். ஆங்கில விசைப்பலகையிலும் கேப்ஸ் லாக் விழுந்திருந்தால் பெரிய எழுத்து சின்ன எழுத்தாகிவிடும். இரண்டுக்கும் ஒரே மருந்து, கடையின் சொந்தக் குறியீடுகளில் எழுத்தே வேண்டாம். வெறும் எண்கள் போதும்.

கர்சர் விஷயம் இதைவிடப் பெரிது. ஸ்கேனர் எண்ணை எங்கே தட்டுவது என்று பார்க்காது. கர்சர் நிற்கும் கட்டத்தில் தட்டிவிடும். பையன் எண்ணிக்கைக் கட்டத்தில் கிளிக் செய்துவிட்டு அடுத்த பொருளை ஸ்கேன் செய்தால், எண்ணிக்கை 8901234567890 என்று ஏறும். பத்து ரூபாய் சோப்புக்கு எண்பத்தொன்பது லட்சம் கோடி ரூபாய் பில் வந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு அழித்துவிடுவார்கள், அது பரவாயில்லை. கடையின் நான்கு இலக்கக் குறியீடு எண்ணிக்கையாக ஏறி, இருப்புக் கணக்கில் இரண்டாயிரம் பாக்கெட் குறைந்தால், மாதக் கடைசி வரை யாருக்கும் தெரியாது. எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வைக்கவும், என்டர் விழுந்ததும் கர்சர் பார்கோடு கட்டத்துக்கே திரும்பவும் மென்பொருள்காரரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். முடியாது என்று சொல்லும் மென்பொருளை வாங்க வேண்டாம்.

பொருள் பட்டியலை ஏற்றும்போது எண்ணைக் கையால் தட்டாமல் ஸ்கேன் செய்தே ஏற்றுங்கள். கம்பெனி பாக்கெட்டில் உள்ள 13 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் ஒரு காவலாளி. இடமிருந்து ஒற்றைப்படை இடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை, இரட்டைப்படை இடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்கியது, இவற்றோடு கடைசி இலக்கத்தைக் கூட்டினால் பத்தால் வகுபட வேண்டும். மேலே சொன்ன எடுத்துக்காட்டு எண்ணில் 28, 102, 0; மொத்தம் 130. ஸ்கேனர் இதைச் சரிபார்த்த பிறகே பீப் அடிக்கிறது. கையால் தட்டும்போது அந்தக் காவல் இல்லை. தொடக்கத்தில் உள்ள 890, எண்ணை ஜிஎஸ்1 இந்தியா வழங்கியது என்பதை மட்டுமே காட்டும். பொருள் எங்கே தயாரானது என்பதற்கு அது சான்றல்ல.

எக்செல்லில் பட்டியல் தயாரித்து மென்பொருளுக்கு ஏற்றப் போகிறீர்கள் என்றால், பார்கோடு நெடுவரிசையை முதலில் ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 13 இலக்க எண் 8.9 என்று சுருங்கி, பின்னால் பத்தின் அடுக்கைக் காட்டும் வால் ஒன்று முளைக்கும். அதை அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் திரையில் தெரியும் சுருக்கமே கோப்பில் போகும். கடையில் உள்ள 890 சரக்கெல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண்ணாகிவிடும். சில வெளிநாட்டுச் சாக்லேட்டுகளில் உள்ள 12 இலக்க எண்ணைச் சில ஸ்கேனர்கள் முன்னால் பூஜ்யம் சேர்த்து 13 ஆகவும், சில 12 ஆகவும் அனுப்பும். இரண்டு கவுண்டரில் இரண்டு மாடல் வைத்தால் ஒரு கவுண்டரில் பில்லாகும் சாக்லேட் மற்றதில் ‘பொருள் இல்லை’ என்று வரும். இரண்டையும் ஒரே அமைப்புக்குக் கொண்டுவருவது ஒரு கோட்டை ஸ்கேன் செய்யும் வேலைதான்.

நீங்களே கட்டும் பருப்புக்கும் மசாலாவுக்கும் இரண்டு வழி உண்டு. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நிலையான எடை என்றால் ஒவ்வோர் அளவுக்கும் ஓர் எண் கொடுத்து ஸ்டிக்கர் அடித்துவிடலாம். ‘கோட் 128’ என்ற வகையில் ஆறு இலக்க எண் 17 மில்லிமீட்டர் அகலத்தில் அடங்கிவிடும். வாடிக்கையாளர் கேட்ட எடைக்குப் போடுவது என்றால் லேபிள் அச்சிடும் தராசு வேண்டும். அது எடையையே கோட்டுக்குள் எழுதிவிடும். உதாரணமாக 2100045012506 என்று வந்தால், 21 கடையின் உள் குறியீடு என்பதற்கு, 00045 துவரம்பருப்புக்கு, 01250 என்பது 1.250 கிலோ, கடைசி 6 காவல் இலக்கம். 20 முதல் 29 வரை தொடங்கும் எண்கள் இப்படிக் கடைக்குள்ளேயே பயன்படுத்துவதற்கென்று ஒதுக்கப்பட்டவை. கம்பெனிச் சரக்கோடு மோதாது. எந்த இடத்தில் பொருள் எண், எந்த இடத்தில் எடை என்பதைத் தராசிலும் பில்லிங் மென்பொருளிலும் ஒரே மாதிரி அமைக்க வேண்டும். தராசு விற்பவரும் மென்பொருள் விற்பவரும் ஒருவரையொருவர் கைகாட்டுவது இந்த இடத்தில்தான். இருவரையும் ஒரே நாளில் கடைக்கு வரவழையுங்கள்.

ஸ்டிக்கர் அச்சில் செய்யப்படும் பெரிய தவறு, கோட்டைப் படமாக எடுத்து இழுத்துச் சுருக்கி அச்சிடுவது. சாதாரண லேபிள் பிரிண்டரின் ஒரு புள்ளி 0.125 மில்லிமீட்டர்; கோட்டின் அகலம் முழுப் புள்ளிகளாக இருக்க வேண்டும். இழுத்துச் சுருக்கினால் சில கோடுகள் இரண்டு புள்ளியும் சில மூன்று புள்ளியுமாகக் குழம்பிவிடும். கண்ணுக்கு அழகாகத் தெரியும், ஸ்கேனருக்குப் புரியாது. லேபிள் மென்பொருளிலேயே பார்கோடு வகையைத் தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள். கோட்டுக்கு இருபுறமும் வெள்ளை இடம் விடுவதும் கோட்டின் ஒரு பகுதியே. கடைப் பெயரை அங்கே நெருக்கி எழுதாதீர்கள். ரிப்பன் இல்லாத வெப்பத் தாள் மலிவுதான், ஆனால் வெயிலிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் மங்கிப்போகும். விற்றுத் தீரும் பருப்புக்கு அது போதும். மாதக்கணக்கில் நிற்கும் சரக்குக்கு ரிப்பன் அச்சு வேண்டும். ஒல்லியான எண்ணெய்ப் பாட்டிலில் ஒட்டும்போது கோடுகள் ஏணிப்படிபோல ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்படி ஒட்டுங்கள். வேலிபோல நிற்க வைத்தால் வளைவில் இரண்டு ஓரமும் மறைந்துவிடும்.

எம்.ஆர்.பி. பற்றி ஒரு வார்த்தை. கோட்டில் விலை இல்லை என்று சொன்னேன். பழைய சரக்கு 42 ரூபாய், புதுச் சரக்கு 45 ரூபாய், இரண்டிலும் பெரும்பாலும் அதே கோடு. ஒரே எண்ணுக்குப் பல எம்.ஆர்.பி. வைத்து, ஸ்கேன் செய்ததும் எது என்று கேட்கும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய பாக்கெட்டுக்குப் புது விலை போட்டு வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள், அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது சட்டப்படியும் குற்றம். கேட்கும்போது பையன் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துச் சரியானதைத் தேர்ந்தெடுக்கிறானா என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

சித்தப்பாவின் லேசர் ஸ்கேனரைத் தூக்கிப் போடாதீர்கள். எல்எஸ்2208 என்ற மாடலாக இருந்தால், அதன் தலையில் சிம்பல், மோட்டோரோலா, ஸீப்ரா என்று எந்தப் பெயர் இருந்தாலும் அது ஒரே குடும்பம்தான். கம்பெனி கைமாற, பெயர் மட்டும் மாறியது. குடோனில் சரக்கு இறக்கும்போது அட்டைப்பெட்டிகளை ஸ்கேன் செய்ய அது தாராளமாகப் போதும். பெட்டிக்கு மேல் உள்ளது பெரும்பாலும் 14 இலக்க எண். உள்ளே இருக்கும் பாக்கெட்டின் எண் அல்ல. ‘இந்தப் பெட்டி எண் என்றால் இந்தப் பொருளில் 48’ என்று மென்பொருளில் ஒருமுறை இணைத்துவிட்டால் இருப்பு தானாக ஏறும். பழைய கேபிளில் செவ்வகமான யுஎஸ்பி முனைக்குப் பதில் ஒன்பது ஊசித் துளை உள்ள சீரியல் முனை இருந்தால், அந்த மாடலுக்கான யுஎஸ்பி கேபிளைத் தனியாக வாங்கி மாட்டி, தொழிற்சாலை நிலைக் கோட்டை ஸ்கேன் செய்துவிட்டு, மேலே சொன்ன நோட்பேட் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.